மாடியில் ஒரு குடித்தனம்

ராஜா அண்ணாமலைபுரத்தில் அய்யப்பன் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, குறுக்குத் தெருக்களில் கொஞ்சம் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு கேட்டில் ‘வாடகைக்கு விடப்படும்’ என்ற அட்டை தொங்கும். அதைப் பார்த்ததும், “நமக்கும் இப்படி ஒரு வீடு இருந்து, மாதம் பிறந்தால் வாடகை வந்தால் எத்தனை சௌகரியம்!” என்று நினைக்காத இல்லத்தரசி உண்டா?

ஆசைப்படுவதில் தப்பே இல்லை, சகோதரிகளே! ஆனால் ஆசைக்கும் பத்திரத்துக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

என் சிநேகிதி ஒருத்தி இதே பேட்டையில் இருக்கிறாள். பிள்ளை நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். ஒரு நாள் என்னிடம் ஓடி வந்து, “ஒரு கோடி ரூபாயில் ஒரு ஃபிளாட் வருகிறதடி! பாங்கில் கடன் தருகிறார்கள். வாடகையே கடனை அடைத்துவிடும்” என்றாள்.

“அடைக்குமா?” என்று கேட்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

ரிசர்வ் பாங்கு விதிப்படி, ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 75 லட்சத்துக்கு மேல் கடன் கிடைக்காது. பாக்கி 25 லட்சம் கையிலிருந்து வரவேண்டும். முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2. ஆக இன்னொரு 9 லட்சம். சாவி கைக்கு வருமுன்பே 34 லட்சம் போயாயிற்று! 75 லட்சத்துக்கு எட்டரை வட்டியில் 20 வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 65,000 ரூபாய். வாடகையோ, 25,000 அல்லது 30,000 வரலாம். மிச்சத்தைப் பிள்ளையின் சம்பளத்திலிருந்துதான் மாதாமாதம் எடுக்கவேண்டும்.

சிநேகிதியின் முகம் வாடிவிட்டது. ஏன் இப்படி? விஷயம் எளிது. அந்த ஒரு கோடியில் பெரும் பங்கு மண்ணின் விலை. குடித்தனக்காரர் மண்ணுக்கா வாடகை கொடுக்கிறார்? இரண்டு அறைக்கும், சமையற்கட்டுக்கும், குழாயில் வரும் தண்ணீருக்கும் கொடுக்கிறார். வாடகை செங்கல்லின் கடனை அடைக்கும்; மண்ணின் கடனை அடைக்காது. இதை மறந்தவர்கள்தான் இடையில் திண்டாடுகிறார்கள்.

“அப்படியானால் எனக்கு வழியே இல்லையா?” என்றாள். நான் மேலே கையைக் காட்டினேன். மாமனார் கட்டிய பழைய வீடு. மேலே மொட்டை மாடி. வடாம் காய்வதைத் தவிர அதனால் வேறு பிரயோஜனம் இல்லை!

அங்கே 800 சதுர அடியில் ஒரு போர்ஷன் எழுப்ப உத்தேசமாக 25 லட்சம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பணம் 5 லட்சம், கடன் 20 லட்சம். எட்டரை வட்டியில் 15 வருஷத்துக்குத் தவணை 19,700 ரூபாய் போல வரும். வாடகை 25,000 வந்தால் தவணை போக மிச்சமும் உண்டு. மண் ஏற்கனவே சொந்தம் அல்லவா?

ஆனால் உடனே கொத்தனாரைக் கூப்பிட்டுவிடக் கூடாது. பழைய அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்று என்ஜினீயர் பார்த்துச் சொல்லவேண்டும். கட்டிட அனுமதி வேண்டும். 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுவதற்குச் சுயசான்று முறையில் அனுமதி பெறும் திட்டம் 2024-ம் வருஷம் வந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேல், வீடு யார் பெயரில் இருக்கிறது? என் சிநேகிதியின் வீடு காலஞ்சென்ற மாமனாரின் பெயரிலேயே இருந்தது. நாத்தனார்கள் இருவர் விடுதலைப் பத்திரம் எழுதித் தந்த பிறகுதான் கடன் பேச்சே ஆரம்பமாயிற்று. அவர்களுக்கு நியாயமான பங்கைக் கொடுத்தே எழுதி வாங்கினாள். மாடியை விட உறவு பெரிதில்லையா?

கடனுக்கு பாங்கு ஒன்றுதானா வழி? 1872-ம் வருஷத்திலிருந்து நடந்துவரும் மயிலாப்பூர் ஹிந்து பர்மனெண்ட் ஃபண்டைப் போன்ற நிதிகள் நம் ஊரின் பழைய சொத்து. ஆனால் 2014-ம் வருஷத்து விதிப்படி, நிதி எவ்வளவு பெரியதானாலும் ஓர் அங்கத்தினருக்கு 15 லட்சத்துக்கு மேல் தரக்கூடாது. ஈடு வைக்கும் வீட்டின் மதிப்பில் பாதி வரைதான் கிடைக்கும். ஏழு வருஷத்துக்குள் அடைக்கவும் வேண்டும். தவணை பெரிதாகிவிடும்.

‘லீஸ்’ என்று ஒரு வழக்கமும் உண்டு. குடிவருபவர் பத்துப் பதினைந்து லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகையில்லாமல் இருப்பார். போகும்போது பணத்தை அப்படியே திருப்பித் தரவேண்டும். வட்டியில்லாக் கடன் மாதிரித் தோன்றும். ஆனால் அதைச் செங்கல்லில் போட்டுவிட்டு, அவர் காலி செய்கிறேன் என்னும் நாளில் எங்கே போவது?

குடித்தனக்காரர் எத்தனை நல்லவரானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். 2019-ம் வருஷம் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வது அவசியம். வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது. அந்தப் பணம் உங்களுடையதல்ல. தொடாமல் தனியே வையுங்கள். வருமான வரிக் கணக்கில், வீட்டு வரி போக மிஞ்சும் வாடகையில் நூற்றுக்கு 30 பங்கு கழிவும், கடன் வட்டிக்குக் கழிவும் உண்டு.

இன்னொன்று: வருஷத்துக்குப் பதினோரு மாத வாடகை என்றே கணக்குப் போடுங்கள். ஒரு மாதம் காலியாகவோ, வெள்ளையடிப்பதற்கோ போய்விடும். ஆறு மாதத் தவணைப் பணம் கையிருப்பில் இல்லாமல் கடனில் இறங்கவேண்டாம். ஏனென்றால் ஈடாக வைப்பது நீங்கள் குடியிருக்கும் வீட்டையே! தவணை மூன்று மாதம் நின்றுபோனால் கடன் வாராக் கடனாகிவிடும். பிறகு 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்றும் உரிமையை 2002-ம் வருஷத்துச் சட்டம் பாங்குக்குக் கொடுத்திருக்கிறது.

மொட்டை மாடி இல்லாதவர்கள்? ஒரு வருஷ வாடகை, வீட்டு விலையில் நூற்றுக்கு எவ்வளவு என்று பாருங்கள். அது கடன் வட்டிக்கு வெகு கீழே இருந்தால், கடன் சிறியதாகும் வரை சேமித்துக் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

போன வாரம் சிநேகிதியின் வீட்டுக்குப் போனேன். மாடியில் யாரோ கடுகு தாளிக்கும் வாசனை! “ஐந்தாம் தேதிக்குள் வாடகை வந்துவிடுகிறது, தவணையும் போய்விடுகிறது” என்றாள். “வடாம் எங்கே காயப்போடுகிறாய்?” என்று கேட்டேன்.

“அதற்கு மேலும் ஒரு மொட்டை மாடி வந்துவிட்டதே!” என்று சிரித்தாள்.