சிநேகிதருக்குச் சிறுநீரகம் தர முன்வருவோர் கவனத்துக்கு

சென்னைத் தரமணியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் கணினி நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டு, நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரே வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஊரிலிருக்கும் உற்றாரைக் காட்டிலும் உடனிருப்போரையே உறவாகக் கொண்டு வாழ்கிற இளைஞர்களிடையே, ஒருவருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கிவிட்டது என்று தெரிந்த மாத்திரத்தில், "நான் தருகிறேன்" என்று முன்வரும் சிநேகிதர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்பது பெருமைக்குரிய விஷயமே. அப்படி முன்வருகிறவர் ஹார்மோன் சிகிச்சையிலிருக்கும் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருந்துவிட்டால், அந்த நல்லெண்ணம் இரண்டு இடங்களில் இடறி விழுவதைத் திரும்பத் திரும்பக் காண வேண்டியிருக்கிறது. உட்கொள்ளும் மருந்தை மருத்துவரிடம் மறைப்பது ஒன்று. உரிய காகிதங்களின்றி, உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் அங்கீகாரக் குழுவின் முன்னே போய் நிற்பது மற்றொன்று.

முதலாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹார்மோன் சிகிச்சை பெறுகிறார் என்ற ஒரே காரணத்துக்காக எவரையும் சிறுநீரக தானத்துக்குத் தகுதியற்றவர் என்று நம் சட்டம் ஒதுக்கவில்லை; ஆனால் அந்த மருந்துகளைக் கணக்கில் கொள்ளாமல் செய்யப்படும் பரிசோதனை பிழையாகப் போக இடமுண்டு. ஈஸ்ட்ரோஜன் இரத்தம் உறையும் அபாயத்தைக் கூட்டுவது. அறுவை சிகிச்சையும் அதே அபாயத்தைக் கூட்டுவது. இரண்டும் ஒன்றுசேரும்போது காலின் இரத்தக்குழாயில் உறைந்த கட்டி நுரையீரலை எட்டினால் உயிருக்கே ஆபத்து. டெஸ்டோஸ்டிரோன் இரத்த அணுக்களைப் பெருக்குவதோடு தசையையும் வளர்ப்பதால் கிரியேட்டினின் அளவு கூடித் தெரியும். சிறுநீரகத் திறனை அந்த அளவிலிருந்து கணிக்கும் சூத்திரமோ ஆணா பெண்ணா என்று கேட்டே விடை தருவதாகையால், எதைக் குறிப்பதென்ற குழப்பத்தில் நல்ல சிறுநீரகம் பழுதாகவும், பழுதானது நல்லதாகவும் தோற்றமளிக்கக்கூடும். ஆகவே கணிப்போடு நிற்காமல், சிஸ்டாடின்-சி இரத்தப் பரிசோதனையையும், ஒவ்வொரு சிறுநீரகத்தின் திறனையும் தனித்தனியே அளந்து காட்டும் டி.டி.பி.ஏ. ஸ்கேனையும் செய்யும்படி கேளுங்கள். திருநங்கையர் சிலருக்கு எழுதிக் கொடுக்கப்படும் ஸ்பைரோனோலாக்டோன் உடலில் பொட்டாசியத்தை ஏற்றிவிடும் மருந்து. ஒரே சிறுநீரகத்தோடு வாழப் போகிறவர் அதைத் தொடரலாமா என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட வேண்டியது.

மருத்துவரின் சீட்டில்லாமல் கருத்தடை மாத்திரைகளை மருந்துக்கடையில் அட்டை அட்டையாக வாங்கி விழுங்குகிறவர்கள் உண்டு. அவற்றிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன்தான் இரத்தம் உறைவதில் மிகவும் பொல்லாதது. அதையும் சொல்லத்தான் வேண்டும். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். அதேபோல, தானம் கொடுக்கப் போகிறோம் என்ற ஆவேசத்தில் மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடவும் கூடாது. இனப்பெருக்கச் சுரப்பிகள் ஏற்கெனவே அகற்றப்பட்டவர்களுக்கு நீண்ட நாள் நிறுத்தம் எலும்பைத் தேய்க்கும், மனத்தையும் வாட்டும். எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்பதை ஹார்மோன் மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் மயக்க மருந்து நிபுணரும் கலந்து எழுத்தில் தரட்டும். மாதவிடாய் நின்ற பின் ஹார்மோன் எடுத்துக்கொள்ளும் பெண்மணிகளுக்கும் இது பொருந்தும்.

இனிச் சட்டம். வில்லிவாக்கத்தையும், 2004 சுனாமிக்குப் பின் எர்ணாவூரையும், 2025-இல் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளரையும் சிறுநீரகத் தரகர்கள் எப்படிச் சூறையாடினார்கள் என்பது நாடறிந்த கதை. இத்தகைய வியாபாரத்தைத் தடுக்க 1994-இல் பிறந்து 2011-இல் திருத்தப்பட்ட உடலுறுப்பு மாற்றுச் சட்டம், கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தார், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி ஆகியோரை மட்டுமே நெருங்கிய உறவினர் என்கிறது. சிநேகிதர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர் 9(3) பிரிவின்படி, அன்பினாலும் பற்றினாலும் தருகிறேன் என்று அங்கீகாரக் குழுவுக்கு நிரூபித்து முன்அனுமதி பெற வேண்டும். இரத்தப் பொருத்தம் இல்லாத இரு ஜோடிகள் தானத்தை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் நெருங்கிய உறவினருக்கே உரியது.

காகிதங்களைக் கவனமாகக் கேளுங்கள். கொடுப்பவர் தரும் சம்மதம் படிவம் 3. இருவரும் சேர்ந்து இடும் விண்ணப்பம் படிவம் 11. தேகநிலைச் சான்று படிவம் 4. பிரமாணப் பத்திரம் நோட்டரியின் முன்னே கையெழுத்திடப்பட வேண்டும். இருவரின் மூன்று நிதியாண்டு வருமான ஆதாரங்களும், இருவரும் சேர்ந்திருக்கும் பழைய புகைப்படங்களும், சேர்ந்து வாழ்ந்ததற்கான சான்றுகளும் வேண்டும். இருவர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதைவிட நல்ல சாட்சியில்லை. வீட்டுக்காரர் வாய்மொழியாகக் குடிவைத்திருந்தால், பழைய ரயில் டிக்கெட்டுகளையும் அலுவலக ஆவணங்களையும் இன்றே தேடத் தொடங்குங்கள். பிறமாநிலத்தவரானால் தாசில்தார் தரும் படிவம் 20-ம் தேவை. சென்னையில் அறுவை சிகிச்சைக்கு வந்த பஞ்சாபியர் தொடுத்த குல்தீப் சிங் வழக்கில், விண்ணப்பதாரர் எந்த மாநிலத்தவரோ அந்த மாநிலக் குழுவே விசாரித்தறிய வேண்டும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதையும் மறவாதீர்கள். விண்ணப்பம் மருத்துவமனை வழியாகச் செல்வது. எந்தக் குழு, எந்தத் தேதி என்று அங்குள்ள உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆதாரில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர், பாலினம் இரண்டிலும் வேறு என்ற நிலையில் போனால் விண்ணப்பம் முதல் மேஜையிலேயே நின்றுவிடும். 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றிதழையும், அரசிதழில் வெளியான பெயர் மாற்ற அறிவிப்பையும் முன்பே பெற்று, பழைய பெயரும் புதிய பெயரும் ஒருவரையே குறிக்கும் என்ற பிரமாணப் பத்திரத்தோடு இணையுங்கள். சென்னை மாவட்டத்தாருக்கு ஆட்சியர் அலுவலகம் ராஜாஜி சாலையில் இருக்கிறது.

கொடுப்பவரின் உறவினரைக் குழு விசாரிக்கும் என்பது விதி. பெற்றோரால் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட திருநங்கையிடம் "அப்பாவை அழைத்து வா" என்று சொல்லி அனுப்பிவிடும் அதிகாரிகளுக்கு, விதியின் வாசகத்தை ஒருமுறை படித்துப் பார்க்க நேரமில்லாமற் போவதுதான் வேதனை. உறவினரின் ஆட்சேபத்தைப் பதிவு செய்து கவனிக்க வேண்டும் என்றுதான் அது சொல்கிறதேயன்றி, அந்த ஆட்சேபமே தீர்ப்பு என்று எங்கும் சொல்லவில்லை. குடும்பத் தொடர்பு அறுந்ததை ஆண்டு, காரணத்தோடு எழுதிக் கொடுங்கள். திருநங்கையர் சமூகத்தில் உங்களை ஏற்று வளர்த்த குருவையோ உடன்வாழும் சகோதரியையோ சாட்சியாக அழைத்துச் செல்லுங்கள். பணம் கைமாறியதா, தரகர் உண்டா, நிர்ப்பந்தம் உண்டா என்பவை குழு கேட்க வேண்டிய கேள்விகள். உடலின் அந்தரங்கத்தைத் துருவுவது அதன் வேலையல்ல.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தானத்துக்காக ஏற்படும் செலவையும் இழந்த சம்பளத்தையும் ஈடுசெய்வதைச் சட்டம் விலையாகக் கருதவில்லை. ஆனால் ரசீதுடன் மட்டும். கைமாற்று, நகை, அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய்கூட வேறு எதற்காகவும் வேண்டாம். உறுப்பு வியாபாரத்துக்கு ஐந்து முதல் பத்து ஆண்டு சிறையும், இருபது லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

அறுவை சிகிச்சை நடக்கும் நிமிஷம் வரை சம்மதத்தைத் திரும்பப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. குழு மறுத்தால், காரணத்தை எழுத்தில் தரக் கடமைப்பட்டிருக்கிறது. வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால் நகரவேண்டாம், உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். உடலுறுப்பு மாற்றுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி மாநில அரசிடம் மேல்முறையீடு செய்ய முப்பது நாள் அவகாசம். உத்தரவு கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே குறித்துவையுங்கள், அன்றிலிருந்தே அந்த முப்பது நாள் ஓடுகிறது.