சுரங்கத்திற் காத்த பொதுச் சொத்து

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால், “சரக்கு பத்திரமாகப் பூட்டியிருக்கிறது” என்று நம்மிடம் சொல்வதுண்டு. நன்றே. ஆயினும் பொதுச் சொத்துக்குப் பூட்டு மட்டும் போதுமா? லண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

அக்கூடம் மன்னர் சேர்த்த செல்வமன்று. ஆங்கர்ஸ்டீன் என்னும் வங்கியாளர் விட்டுச் சென்ற 38 ஓவியங்களை, 1824-இல் பாராளுமன்ற ஒப்புதலுடன் அரசாங்கம் 57,000 பவுனுக்கு மக்களுக்காக வாங்கியது. இன்று அங்குள்ளவை 2,300-க்கு மேல். அவற்றைக் காணக் கட்டணமில்லை. அவற்றுட் பல, நெசவாளர் நெய்த ஆளிநார்த் துணியின்மீது, உழவர் விளைத்த ஆளிவிதையின் எண்ணெயிற் குழைத்த வண்ணங்களால் தீட்டப்பெற்றவை.

1939-இல் போர் மூளும் தறுவாயில் ஓவியங்கள் வேல்ஸ் நாட்டிற்கு அனுப்பப்பட்டன. பின்னர், கனடாவுக்கு அனுப்பிவிடலாம் என்ற யோசனை எழுந்தது; பிரதமர் சர்ச்சில் இசையவில்லை. 1941-இல் மேனட் மலையின் கற்பலகைச் சுரங்கத்தினுள் செங்கல் அறைகள் கட்டி அவற்றை வைத்தனர். அங்கே வெப்பமும் ஈரமும் ஒரே சீராகக் காக்கப்பட்டன. மழைக்காலத்தில் பாவு படும் பாட்டை அறிந்த நெசவாளருக்கு இதன் அருமையை நாம் விளக்க வேண்டுவதில்லை. துணியும் பலகையும் விரிந்து சுருங்கின், மேலிருக்கும் வண்ணம் உதிர்ந்துவிடும்.

லண்டனிலோ வெறுஞ்சுவர்களே எஞ்சின. அக்கூடத்தில் மைரா ஹெஸ் என்ற அம்மையார் ஒரு ஷில்லிங் கட்டணத்தில் நண்பகல் இசைக் கச்சேரிகள் நடத்திவந்தார். எனினும், ஓர் ஓவியத்தையேனும் காட்டலாகாதா என்று 1942-இல் பத்திரிகையில் ஒரு கடிதம் வெளிவந்தது. நிர்வாகம் செவிசாய்த்தது. மாதம் ஓர் ஓவியம் சுரங்கத்தினின்று வரவழைக்கப்பட்டது. முதற்கண் மக்கள் வேண்டியவற்றுள் ஒன்றான டிஷியனின் ஓவியம் வந்தது. உயிர்த்தெழுந்த ஏசுவை மகதலேனா மரியாள் காணும் காட்சி அது. பகலில் மக்கள் பார்த்தனர். இரவில் அதனை நிலவறைக்குக் கொண்டுசென்று காத்தனர். 1945-இல் போர் முடிந்தபின் ஓவியங்கள் திரும்பின.

நிர்வாகிகள் எல்லாவற்றையும் பணயம் வைக்கவில்லை. எல்லாவற்றையும் பூட்டியும் வைக்கவில்லை. கேட்டவர்களைக் குறைகூறுவோரென ஒதுக்கவுமில்லை. நம் சங்கங்களிலும் கணக்கையும் இருப்பையும் காட்டுமாறு அங்கத்தினர் கேட்பின், அது உரியவரின் குரல் என்றே நிர்வாகிகள் கொள்ளல் வேண்டும். கேட்கத் தயங்கும் அங்கத்தினர்க்கும் நாம் சொல்வது ஒன்றே: கேளுங்கள்.