டெல்டாவில் கல்யாண நாள் குறித்தல்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை வட்டாரங்களின் கல்யாணப் பத்திரிகைகளில் ஏறக்குறைய ஒரே வாய்பாட்டில் அமைந்த நீண்ட வாக்கியம் ஒன்று இடம்பெறுவது வழக்கம். தமிழ் ஆண்டின் பெயர், மாதம், கிழமை, வளர்பிறைத் திதி, நட்சத்திரம், யோகம், லக்னம் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, ‘காலை 6 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்’ என்பது போன்ற நேர வரம்புடன் அது முடியும். மண்டபத்தின் பெயரைத் தேடும் அவசரத்தில் பலரும் கடந்துவிடும் இவ்வாக்கியத்தில்தான், நாள் குறித்துக் கொடுத்த சோதிடரின் உழைப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

முகூர்த்தம் பார்த்தல் என்பது பெரும்பாலும் நாட்களைக் கழித்துக்கொண்டே வரும் வேலை. ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மாதங்கள் முதலிலேயே விலக்கப்படுகின்றன. ஒரே தமிழ் மாதத்தில் இரண்டு அமாவாசையோ இரண்டு பௌர்ணமியோ வந்தால் அதுவும் மல மாதம் எனத் தள்ளப்படுகிறது. சூரியனுக்கு மிக அருகில் சென்று குருவோ சுக்கிரனோ கண்ணுக்குத் தெரியாமல் போகும் காலம் மூடம் எனப்படும். அப்போதும் கல்யாணம் தவிர்க்கப்படும். எஞ்சிய நாட்களில் ரோகிணி, மிருகசீரிடம், மகம், உத்திரம், அஸ்தம், சுவாதி, அனுஷம், மூலம், உத்திராடம், உத்திரட்டாதி, ரேவதி ஆகிய 11 நட்சத்திரங்களே கல்யாணத்துக்குச் சிறந்தவையாகக் கொள்ளப்படுகின்றன. அதன்பின் மணமக்களின் முறை வருகிறது: பிறந்த நட்சத்திரத்திலிருந்து அன்றைய நட்சத்திரம் வரை எண்ணி, 9ஆல் வகுத்து, மீதி 1, 3, 5, 7 ஆக வந்தால் தாராபலம் இல்லையென்றும், பிறந்த ராசிக்கு எட்டாம் ராசியில் சந்திரன் நிற்கும் சுமார் இரண்டேகால் நாள் சந்திராஷ்டமம் என்றும் ஒதுக்குகின்றனர்.

நாள் தேறிய பிறகும் நேரம் தேற வேண்டும். கீழ்வானில் உதிக்கும் ராசியாகிய லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். வைகாசியில் சூரியன் ரிஷபத்தில் இருப்பதால் விடியற்காலையில் ரிஷப லக்னமும் அதையடுத்து மிதுன லக்னமும் அமைகின்றன. தேர்ந்த லக்னத்துக்கு ஏழாம் இடம், அதாவது வாழ்க்கைத் துணையைக் குறிக்கும் களத்திர ஸ்தானம், கிரகம் ஏதுமின்றிச் சுத்தமாக இருப்பது விரும்பப்படுகிறது. திங்கட்கிழமையானால் 7.30 முதல் 9 வரை இராகு காலம் என்பதால் அதற்கு முன்பே தாலி ஏற வேண்டும். வியாழக்கிழமையானால் 6 முதல் 7.30 வரை எமகண்டம் என்பதால் அது கழிந்த பிறகே கெட்டிமேளம் முழங்க வேண்டும்.

இத்தனை விதிகளையும் ஒருசேரக் கடைப்பிடித்தால் ஆண்டு முழுவதிலும் ஒரு நாள்கூடத் தேறுவது அரிது. முகூர்த்த நூல்களும் இதை அறிந்தே பரிகார விதிகளை வகுத்தன. லக்னத்திலோ, கேந்திரம் எனப்படும் இடங்களுள் ஏழாம் இடம் நீங்கலாக 4, 10ஆம் இடங்களிலோ நிற்கும் குரு பல குற்றங்களைப் போக்குவார் என்பது அவற்றுள் பரவலாகச் சொல்லப்படுவது. முகூர்த்தத்துக்கென்றே எழுந்த ‘காலப்பிரகாசிகை’ என்னும் வடமொழி நூல், மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்புமாக 1917இல் தஞ்சாவூரிலேயே அச்சேறியது என்பது இவ்வட்டாரத்தில் இக்கலைக்கு இருந்த மதிப்பைக் காட்டுகிறது. எந்தக் குற்றத்தைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கவே கூடாது என்று தெளிவதில்தான் சோதிடரின் உண்மையான தேர்ச்சி இருக்கிறது. அச்சிட்ட முகூர்த்தப் பட்டியலை மட்டும் பார்த்து மண்டபம் பிடிப்போர் இந்தத் தெளிவை இழந்துவிடுகின்றனர்.

பஞ்சாங்கங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. முன்னோர் வகுத்த வாய்பாடுகளின்படி கணிக்கப்படுவது வாக்கியம். வானில் கிரகங்கள் காணப்படும் நிலையோடு ஒத்துவரத் திருத்திக் கணிக்கப்படுவது திருக்கணிதம். திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17 அன்று நிகழ்ந்த சனிப்பெயர்ச்சி, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று கொண்டாடப்பட்டது. திதியிலும் நட்சத்திரத்திலும் வேறுபாடு சில மணி நேரமே என்றாலும், அதிகாலை முகூர்த்தத்தைத் தள்ளிவிட அதுவே போதும். ஆகவே ஜாதகத்துக்கு ஒன்று, நாளுக்கு மற்றொன்று என்று கலக்காமல், குடும்பத்தில் வழிவழியாகக் கொண்ட பஞ்சாங்கத்தையே பின்பற்றுவது முறை.

சாத்திரம் அனுமதித்தாலும் வயல் அனுமதிக்காத நாட்களும் இங்கு உண்டு. ஐப்பசியும் கார்த்திகையும் முகூர்த்தம் உள்ள மாதங்களே. எனினும் அவை வடகிழக்குப் பருவமழையின் மாதங்கள், சம்பாப் பயிர் தண்ணீரில் நிற்கும் காலம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்ததும் ஐப்பசிக் கடைசியில்தான். சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, பணம் கைக்கு வரும் தை, மாசியே விவசாயக் குடும்பங்களுக்குக் கல்யாணக் காலம். வழக்கப்படி ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை, 2024இல் நீர் இருப்புக் குறைவால் ஜூலை 28 அன்றுதான் பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. இவ்வாறு தண்ணீர் பிந்தி, நடவும் பிந்தும் ஆண்டில், தை மாதத்தில் எவ்வளவு நல்ல லக்னம் அமைந்தாலும், மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ வேறு நாள் இருக்கிறதா என்றுதான் பெண்ணைப் பெற்றவர் சோதிடரிடம் கேட்பார்.