குப்பைமேட்டுக்குள் வாயு போகும் வழி

1986 மார்ச் 24 அதிகாலையில், இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியிலுள்ள லோஸ்கோ என்ற ஊரில் ஒரு வீடு வெடித்துத் தரைமட்டமானது. உள்ளே இருந்த மூவரும் படுகாயத்தோடு உயிர் தப்பினார்கள். சமையல் வாயு காரணமில்லை. செங்கல்லுக்கு மண் எடுத்த பழைய குழி ஒன்று பக்கத்தில் இருந்தது. அதில் குப்பை கொட்டி நிரப்பியிருந்தார்கள். அங்கே உண்டான மீத்தேன் பாறை வெடிப்புகள் வழியாக நகர்ந்து வீட்டுக்குள் சேர்ந்துவிட்டது. வெடிப்பதற்கு முந்தைய ஏழு மணி நேரத்தில் காற்றழுத்தம் 29 மில்லிபார் சரிந்திருந்தது. வெளியே அழுத்தம் இறங்கினால் மண்ணுக்குள் அடைந்து கிடக்கும் வாயு மேலேறும்.

மட்கும் குப்பையில் காற்று புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் வேலை செய்யும்போது மீத்தேனும் கரியமில வாயுவும் ஏறத்தாழ சரிபாதியாக வெளிவருகின்றன. மீத்தேனுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காற்றில் அதன் அளவு 5 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் ஒரு தீப்பொறி போதும்.

வழக்கமாகத் துளை போட்டு வாயுவை அளப்பார்கள். துளை அந்த ஓர் இடத்தைப் பற்றி மட்டுமே சொல்லும். நாலடி தள்ளி வாயு போய்க்கொண்டிருந்தாலும் தெரியாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் மின்தடை அளவீடு உதவுகிறது. எஃகுக் கம்பிகளைச் சம இடைவெளியில் வரிசையாக அடித்து இறக்கி, கேபிளால் இணைக்கிறார்கள். மண் காய்ந்திருந்தால் கம்பியைச் சுற்றி உப்புநீர் ஊற்றுவார்கள். இல்லாவிட்டால் மின்சாரம் மண்ணுக்குள் சரியாக இறங்காது. இரண்டு கம்பிகள் வழியே மின்சாரம் செலுத்தி, வேறு இரண்டுக்கு இடையிலான மின்னழுத்தத்தைப் பார்க்கிறார்கள். கம்பிகளை மாற்றி மாற்றி இப்படிப் பல நூறு அளவுகள் எடுத்துக் கணினியில் கொடுத்தால் நிலத்தடியின் குறுக்குவெட்டுப் படம் கிடைக்கும்.

குப்பையிலிருந்து வடியும் கசிவுநீரில் உப்பு அதிகம் என்பதால் மின்சாரம் எளிதில் பாயும். வாயு அப்படியல்ல, மின்சாரத்தைத் தடுக்கும். ஈரமான துவாரங்களிலிருந்து நீரைத் தள்ளிவிட்டு வாயு புகுந்தால் அங்கே மின்தடை உயரும். ஆனால் காய்ந்த பிளாஸ்டிக் குவியலும் அதே மாதிரிதான் படத்தில் தெரியும். அதனால் ஒரே ஒரு படத்தை வைத்து 'இங்கே வாயு இருக்கிறது' என்று சொல்வதை நான் நம்பமாட்டேன். பிளாஸ்டிக் இடம் மாறாது, வாயு மாறும். கம்பிகளை அப்படியே விட்டுவைத்து, திரும்பத் திரும்ப அளந்து, எது மாறியது என்று பார்க்க வேண்டும். ஸ்வீடனில் ஹெல்சிங்போரி நகரத்துக் குப்பைமேட்டில் ஆய்வாளர்கள் இப்படித் தொடர்ந்து அளந்துதான் வாயுவின் நகர்வைத் தேடினார்கள்.

இதிலும் கவனம் வேண்டும். மழை பெய்தால் மின்தடை இறங்கும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் சுமார் 2 சதவீதம் குறையும். மட்கும் குப்பையோ தானே சூடாகும். மழையையும் வெப்பத்தையும் கணக்கிட்டுக் கழித்தபின் மிஞ்சும் மாற்றமே வாயுவாக இருக்கக்கூடும். தரை ஊடுருவும் ரேடார் இங்கே பெரிதாக உதவாது, உப்பேறிய கசிவுநீர் அதன் அலைகளை விழுங்கிவிடும். நில அதிர்வலைகள் ஓரளவு கைகொடுக்கும். துவாரங்களில் வாயு கலந்தால் அந்த அலைகளின் வேகம் குறையும்.

படம் கைக்கு வந்தபிறகும் துளை வேண்டும். எங்கே போடுவது என்பதைத்தான் படம் காட்டுகிறது. குப்பைமேட்டுப் பக்கம் குடியிருப்பவர்கள் ஆய்வறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது, அளவெடுத்த நாளில் காற்றழுத்தம் ஏறிக்கொண்டிருந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா என்பதை. அழுத்தம் ஏறும் நாளில் மட்டும் அளந்துவிட்டு வாயு இல்லை என்று எழுதியிருந்தால், அழுத்தம் இறங்கும் நாளில் மறுபடி அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.