ஒருதலை வழக்கு

வருஷந்தோறும் நவம்பர் மாதக் கடைசியில், நம் தேசத்துப் பட்டதாரி இளைஞர்கள் லக்ஷக்கணக்கானவர் ஒரே நாளில் ஒரு பரீக்ஷைக்கு உட்காருகிறார்கள். இந்திய மேலாண்மைக் கழகங்களில் இடம் பெறுவதற்கான நுழைவுப் பரீக்ஷை அது. அதில் தேறி இடம் பெறுகிறவர் சிலரே. அவர்களுடைய இரண்டு வருஷப் படிப்பிற்காகப் பெற்றோர் பாங்கியில் கடன் வாங்கத் தயங்குவதில்லை. படித்து வெளிவந்தால் என்ன சம்பளம் கிடைக்கும் என்று விசாரிப்பவர் அநேகர். அங்கே என்ன கற்பிக்கிறார்கள் என்று விசாரிப்பவர் மிகச் சிலர். நாளைக்கு நம் ஆலைகளையும் பாங்கிகளையும் துறைமுகங்களையும் நடத்தப்போகிறவர்கள் இவர்களே. ஆதலால் இரண்டாவது கேள்வியைச் சிறிது விசாரிப்பது அவசியமென்று கருதுகிறோம்.

சர்வதேச வர்த்தகமும் நிர்வாகமும் என்ற பாடத்தையே எடுத்துக்கொள்வோம். நாணய மாற்று விகிதம் ஏறி இறங்கும்போது நஷ்டமடையாமல் தப்பும் வழி, வர்த்தகர்கள் எல்.சி. என்று வழங்கும் பாங்கி உறுதிக் கடிதத்தைக் கொண்டு முகமறியாத வியாபாரியோடு கொடுக்கல் வாங்கல் செய்யும் முறை, அந்நிய நாட்டுச் சந்தையில் சரக்கை விற்கும் தந்திரம், பல ஜாதியாரும் பல பாஷைக்காரரும் சேர்ந்து வேலை செய்யும் காரியாலயத்தை நடத்தும் பக்குவம், இவையெல்லாம் அதில் அடங்கும். கப்பலில் ஏறிய சரக்கு கடலில் கெட்டால் நஷ்டம் விற்றவனுடையதா, வாங்கினவனுடையதா என்பதை நிர்ணயிக்கும் விதிகளும் உண்டு. பாரிஸிலுள்ள சர்வதேச வர்த்தக சபை 1936-ல் முதன்முதலாக வகுத்து, காலத்திற்கேற்பத் திருத்திவரும் விதிகள் அவை. இந்தக் கல்வி வீண் என்று நாம் கூறவில்லை. கணக்கறியாத தேசாபிமானம் கடையைக் காப்பாற்றாது. நாம் சொல்லப்போகும் குறை வேறு.

இக்கல்வி வந்த வழியை நேயர்கள் அறிதல் நலம். பாரிஸ் நகரில் 1819-ஆம் வருஷத்திலேயே ஒரு வர்த்தகக் கல்லூரி ஏற்பட்டது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து வார்ட்டன் கல்லூரி 1881-லும், ஹார்வர்டு சர்வகலாசாலையின் வர்த்தகக் கல்லூரி 1908-லும் தோன்றின. நம் தேசத்தில் 1913-ல் பம்பாயில் ஸிடன்ஹாம் கல்லூரி ஏற்பட்டது. சுதந்திரத்திற்குப் பின்னர், 1961-ல் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் மேலாண்மைக் கழகங்கள் நிறுவப்பட்டன. கல்கத்தாவுக்கு எம்.ஐ.டி. கழகமும் ஆமதாபாத்துக்கு ஹார்வர்டும் துணை நின்றன. 1963-ல் இந்திய அயல்நாட்டு வர்த்தகக் கழகம் டில்லியில் ஏற்பட்டது. 2011-ல் திருச்சிக்கும் ஒரு மேலாண்மைக் கழகம் வந்து சேர்ந்தது.

ஹார்வர்டிலிருந்து ஆமதாபாத்துக்கு வந்த சரக்குகளில் முக்கியமானது 'கேஸ்' முறை. அது வக்கீல்களிடமிருந்து வர்த்தகர்கள் இரவல் வாங்கிய முறை என்பது பலருக்குத் தெரியாது. ஹார்வர்டு சட்டக் கல்லூரியின் தலைவராக 1870-ல் வந்த லாங்டெல் என்பவர், சட்ட சூத்திரங்களை மனப்பாடம் செய்விப்பதை விடுத்து, நியாயஸ்தலங்களில் உண்மையில் நடந்த வழக்குகளை மாணாக்கர் முன் வைத்துத் தர்க்கம் செய்யச் செய்தார். அதே சட்டக் கல்லூரியில் படித்துப் பாங்கித் தொழிலில் பழகிய வாலஸ் டோனம் என்பவர், 1919 முதல் 1942 வரை வர்த்தகக் கல்லூரியின் தலைவராக இருந்து, அந்த முறையை வர்த்தகக் கல்விக்குள் நிலைநாட்டினார். இன்று உலகத்து வர்த்தகக் கல்லூரிகளில் எத்தனையோ இடங்களில் இதுவே நடைபெறுகிறது. ஒரு கம்பெனிக்கு நேர்ந்த சங்கடத்தைப் பத்திருபது பக்கங்களில் எழுதி மாணாக்கன் கையில் கொடுக்கிறார்கள். "நீர் மானேஜராக இருந்தால் என்ன செய்வீர்?" என்று உபாத்தியாயர் கேட்கிறார். மாணாக்கன் சிந்திக்கிறான், மறுத்துப் பேசுகிறான், தீர்மானம் செய்யப் பழகுகிறான். நெட்டுருப் போடும் கல்வியினும் இது ஆயிரம் மடங்கு மேலானது.

ஆயினும், இரவல் வாங்கினவர்கள் முக்கியமான ஓர் உறுப்பை விட்டுவிட்டு வாங்கினார்கள் என்பதே நம் அபிப்பிராயம். சட்ட வழக்கு ஒன்றில் வாதியும் உண்டு, பிரதிவாதியும் உண்டு. தோற்ற கக்ஷியின் வாதமும் தீர்ப்பில் பதிவாகும். நீதிபதிகளுக்குள் ஒருவர் மாறுபட்டால் அவருடைய மாறுபாடும் அச்சாகும். அதைப் படிக்கும் சட்ட மாணாக்கன், தன்னை எதிர்த்து நிற்பவனுக்கும் நியாயம் இருக்கக்கூடும் என்பதை முதல் வருஷத்திலேயே கற்றுவிடுகிறான். வர்த்தகக் கல்லூரியின் வழக்கோ பெரும்பாலும் மானேஜரின் நாற்காலியிலிருந்தே எழுதப்படுகிறது. கம்பெனிக்குள் சென்று விஷயம் சேகரித்து எழுதும் வழக்கை, கம்பெனியின் சம்மதமில்லாமல் வெளியிடுவதில்லை என்பது ஹார்வர்டில் ஏற்பட்ட வழக்கம். ஆலையில் வேலை செய்கிறவன், ஆலைக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறவன், கம்பெனி வந்திறங்கிய தேசத்து ஜனங்கள் ஆகியோர் அதில் சந்தை நிலவரம் போலவும் மழை வெயில் போலவும் வருகிறார்கள், கக்ஷிக்காரராக வருவதில்லை. பிரதிவாதிக்கு ஸம்மன் அனுப்பாமலே நடக்கும் விசாரணைக்கு ஒப்பானது இது.

இதனால் விளையும் தீங்கு கற்பனையன்று. சர்வதேச வர்த்தக சாஸ்திரத்தின் மூலாதாரங்களில் ஒன்று, கனடா தேசத்தவரான ஸ்டீபன் ஹைமர் 1960-ல் எம்.ஐ.டி. கழகத்தில் எழுதிய ஆராய்ச்சி. அவர் 1974-ல் காலமான பின்பு, 1976-ல்தான் அது நூலாக வெளிவந்தது. வட்டி அதிகம் கிடைக்கும் இடத்தை நாடி மூலதனம் செல்கிறது என்று அதுவரையில் சொல்லிவந்தார்கள். வட்டி மாத்திரம் வேண்டுமானால் பங்குப் பத்திரங்களை வாங்கி வைத்தால் போதுமே, அந்நிய நாட்டில் ஆலை கட்டித் தானே நடத்துவானேன் என்று ஹைமர் கேட்டார். தன்னிடமுள்ள விசேஷ பலத்தைப் பிறருக்கு விட்டுக்கொடாமல், அதிகாரத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்வதற்காகவே கம்பெனி கடல் கடக்கிறது என்பது அவர் கண்ட விடை. இதை மாணாக்கர்கள் கற்கிறார்கள். அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே பொறுப்பும் இருக்கவேண்டுமல்லவா என்ற அடுத்த கேள்வியை அதே வகுப்பில் கேட்கிறார்களா?

போபால் அந்தக் கேள்வியைக் கேட்டது. 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு, யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த விஷவாயு ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது. அந்த ஆலையை நடத்திய இந்தியக் கம்பெனியின் பங்குகளில் 100-க்கு 50.9 அமெரிக்கத் தாய்க் கம்பெனியினுடையவை. நம் சர்க்கார் நியூயார்க் நகரத்தில் வழக்குத் தொடுத்தபோது, ஆலையை நடத்தியது இந்தியக் கம்பெனியே, வழக்கு நடக்கவேண்டியதும் இந்தியாவிலேயே என்று தாய்க் கம்பெனி வாதித்தது. 1986 மே மாதத்தில் நீதிபதி கீனன் வழக்கை இந்தியாவுக்கே திருப்பினார். 1989-ல் நம் சுப்ரீம் கோர்ட்டில் 47 கோடி டாலருக்கு ராஜி ஏற்பட்டது. 2010-ல் போபால் நியாயஸ்தலம் இந்திய உத்தியோகஸ்தர் எழுவருக்கு இரண்டு வருஷத் தண்டனை விதித்தது. தாய்க் கம்பெனியின் தலைவராயிருந்த ஆண்டர்சன் இங்கு வந்து விசாரணைக்கு நிற்காமலே 2014-ல் இறந்தார். நஷ்ட ஈட்டை உயர்த்த வேண்டுமென்று மத்திய சர்க்கார் செய்துகொண்ட மனுவை 2023 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. லாபம் வரும்போது ஒரே குடும்பம், பழி வரும்போது வேறு குடும்பம் என்ற ஏற்பாடு எப்படி அமைகிறது என்பதை, மூலதனத்தைப் பற்றிய பாடத்திலேயே மாணாக்கன் படிக்கவேண்டும். அதை நெறிமுறை வகுப்பின் ஒரு மூலைக்குத் தள்ளுவது, விருந்துண்டவனை விட்டு வேறொருவனிடம் கணக்குக் கேட்பதாகும்.

ஆலை நடத்தப் போகிறவனுக்கு நீதிபதியின் வேலை எதற்கு என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். எதிர்க்கக்ஷியின் வழக்கைத் தன் வழக்கினும் நன்றாகப் படிக்காத வக்கீல் கோர்ட்டில் என்ன ஆவான் என்பதை வழக்காடினவர்கள் அறிவார்கள். வர்த்தகத்திலும் கதி அதுவே. மகாராஷ்டிரத்து டபோலில் மின்சார நிலையம் கட்ட வந்த என்ரான் கம்பெனி, 1993-ல் மின்சார போர்டுடன் உறுதியான ஒப்பந்தம் செய்துகொண்டது. பாதுகாப்புக்கு வேண்டிய ஷரத்துக்களெல்லாம் அதில் இருந்தன. போட்டி டெண்டர் இல்லாமல் நடந்த அந்தப் பேரத்தின் பாரம், மின்சாரக் கட்டணம் செலுத்தும் ஜனங்கள் தலையில் விழும் என்ற கிளர்ச்சி எழுந்தது. 1995-ல் புதிய ராஜ்ய சர்க்கார் ஒப்பந்தத்தை ரத்துச் செய்தது. மறுபடி பேசி முடித்தும், 2001-ல் விலை கொடுத்துக் கட்டாமல் போர்டு மின்சாரம் வாங்குவதை நிறுத்த, நிலையம் நின்றது. ஒப்பந்தத்தின் ஷரத்துக்களைப் படித்தவர்கள், கட்டணம் கொடுக்கிறவனுடைய பையைப் படிக்கவில்லை. மறுதரப்பைக் கேட்பது தர்மம் மாத்திரமன்று. முதலைக் காக்கும் வழியுமாகும்.

இனி, நம் வீட்டிலேயே இருக்கும் ஒரு பெரிய வழக்கைக் குறிப்பிடுவோம். 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் பதிவான சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைத் தியாக சரித்திரமாக நாம் போற்றுகிறோம். அது முதல்தரமான வர்த்தக வழக்குமாகும். மூலதனம் 10 லக்ஷம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய வெள்ளைக்காரக் கம்பெனி, போட்டியை முறிக்கக் கட்டணத்தைக் குறைத்தது. பிறகு பிரயாணிகளை இனாமாகவே ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பர். ஆழ்ந்த பையுடைய எதிரி நஷ்டத்துக்கு விற்கத் துணியும்போது சிறு முதலுடையவன் எவ்வளவு காலம் தாங்கலாம்? ஜனங்களுடைய அபிமானம் எந்த அளவு வரை ரொக்கத்துக்கு ஈடாகும்? ராஜாங்கமே போட்டிக் கம்பெனியின் பக்கம் சாய்ந்தால் என்ன செய்வது? ஒரு மனிதரை நம்பி நிற்கும் ஸ்தாபனம் அவர் இல்லாதபோது எப்படி நிற்கும்? இவை இன்றும் எந்தக் கல்லூரியிலும் கேட்கத்தக்க கேள்விகள்.

இவ்வழக்கில் வேறொரு சிறப்பும் உண்டு. கம்பெனியை நடத்திய வ.உ. சிதம்பரம் பிள்ளை தாமே ஒரு வக்கீல். 1908 பிப்ரவரியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கம்பெனி நடத்தும் அவர் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். நிர்வாகியின் நாற்காலியில் இருந்தபடியே மறுதரப்பின் குரலைக் கேட்டவர் அவர். அடுத்த மாதம் கைதானார். ஜூலையில் இரட்டைத் தீவாந்தர தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் விடுதலையானார். அதற்குள் 1911-லேயே கம்பெனி கலைக்கப்பட்டுவிட்டது. சரித்திராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி 2023-ல் இக்கம்பெனியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு தனி நூலே வெளியிட்டிருக்கிறார். ஆதாரங்கள் கிடைக்கவில்லை என்று உபாத்தியாயர்கள் இனிச் சொல்ல இடமில்லை.

வ.உ.சி.யின் காலத்தோடு நம் வழக்குகள் முடிந்துபோகவில்லை. உலகமெங்கும் தோல் அனுப்பிய பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் சாலைகளைப் பற்றி 1996-ல் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பளித்தது. அந்நியச் செலாவணி வருகிறது என்பதற்காக நிலத்தையும் நீரையும் கெடுக்க உரிமையில்லை என்பது அதன் சாரம். திருப்பூர்ப் பின்னலாடை உலகச் சந்தையைப் பிடித்தது நமக்குப் பெருமையே. நொய்யல் ஆற்றைக் கெடுத்த சாயப் பட்டறைகளை மூடும்படி 2011-ல் சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டதும் அதே கதையின் மறுபக்கம். பட்டறை முதலாளி, சாயத் தொழிலாளி, ஆற்றுப் பாசனத்தை நம்பிய குடியானவன், சீமையிலிருந்து விலையைக் குறைக்கச் சொல்லும் கொள்முதல்காரன் ஆகிய நால்வர் கதையையும் நாலு பேர் வாயாக ஒரு மாணாக்கன் கேட்டால், அது பத்து அமெரிக்கக் கம்பெனிகளின் கதைக்குச் சமானம்.

நாம் கோருவது அதிகமன்று. கல்லூரியில் வைக்கும் ஒவ்வொரு வழக்குடனும், கம்பெனியின் அறிக்கைக்கு அருகே, மறுதரப்பின் காகிதம் ஒன்றையாவது சேர்க்கவேண்டும். தொழிற்சங்கத்தின் மனுவோ, கிராமப் பஞ்சாயத்தின் தீர்மானமோ, கோர்ட்டின் தீர்ப்போ எதுவாயினும் சரி. வகுப்பில் பாதிப் பேர் மானேஜரின் நாற்காலியிலும், பாதிப் பேர் எதிர் நாற்காலியிலும் உட்கார்ந்து வாதாடட்டும். மறுநாள் இடம் மாறட்டும். இரண்டாவதாக, நம் ஊர் வழக்குகளை நம் பாஷையிலும் எழுதவேண்டும். தொழிலாளியும் குடியானவனும் தம்மைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்து, சரியென்றோ தவறென்றோ சொல்லக்கூடிய பாஷை அதுவே. அமெரிக்காவின் அரிசோனாவில், யுத்தகால விமானப் பயிற்சிக் களம் ஒன்றில், 1946-ல் அந்நிய வர்த்தகத்துக்கென்றே தண்டர்பேர்டு கல்லூரியைத் தொடங்கியவர்கள், வர்த்தகத்தோடு அந்நிய பாஷைகளையும் தேச சரித்திரங்களையும் சமமாகக் கற்பித்தார்கள். விற்கப் போகிற இடத்து மனிதன் பேசுவது காதில் விழவேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது. நம் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் மனிதன் பேசுவதாவது காதில் விழவேண்டாமா?

பிள்ளையை இக்கல்லூரிகளுக்கு அனுப்பும் தகப்பனாரும், தொழிற்சங்கங்களில் உழைக்கும் நண்பர்களும் இதில் அக்கறை கொள்ளவேண்டும். தங்கள் மனுக்களையும் தீர்மானங்களையும் தேதி வரிசையாகச் சேர்த்து வைத்து, கேட்கும் உபாத்தியாயருக்குக் கொடுப்பது சங்கத்தாரின் கடமை. மறுதரப்பு ஏடுகள் இல்லையென்ற சாக்கு அப்போது ஒழியும். விடுமுறைக்கு வரும் மகனிடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், "இந்த வருஷம் நீ படித்த வழக்குகளில், எதிர்க்கக்ஷிக்காரன் என்ன சொன்னான்?" என்று தகப்பனார் ஒரு வார்த்தை கேட்கட்டும். அவன் விடை சொல்ல முடியாமல் விழித்தால், கட்டிய பணத்திற்குப் பாதிக் கல்விதான் கிடைத்திருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்ளலாம்.