காசு கொடுத்து வாங்கிய கேம் யாருடையது? ஒரு யூடியூபரின் புலம்பல் ஐரோப்பிய ஆணையம் வரை போன கதை

2024 மார்ச் 31 அன்று, ‘தி க்ரூ’ என்ற கார் ரேஸ் கேமின் சர்வர்களை யூபிசாஃப்ட் நிறுவனம் அணைத்தது. அதன் பிறகு கேமைத் திறந்தவர்களால் முதல் திரையைத் தாண்டி உள்ளே போகவே முடியவில்லை. மற்றவர்களோடு மோதும் ஆன்லைன் ரேஸ் மட்டும் போயிருந்தால் யாரும் பெரிதாகச் சத்தம் போட்டிருக்க மாட்டார்கள். தனியாக உட்கார்ந்து ஓட்டும் கதைப் பகுதியும் சேர்ந்தே போய்விட்டது. கடையில் டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். அந்த டிஸ்க்கை இனி காபி டம்ளருக்கு அடியில் வைக்கலாம், அவ்வளவுதான்.

2014 டிசம்பரில் வந்த கேம் இது. விமர்சகர்கள் பெரிதாகக் கொண்டாடவில்லை. ஆனாலும் ஒரு கூட்டம் இதை விடவே இல்லை. காரணம், அதன் மேப். அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே நிலப்பரப்பாக்கி இருந்தார்கள். நியூயார்க்கில் கிளம்பி லாஸ் ஏஞ்சலிஸ் வரை, நடுவில் லோடிங் ஸ்கிரீனே வராமல் ஓட்டிக்கொண்டே போகலாம். ரேஸில் ஜெயிப்பதற்காக விளையாடியவர்களைவிட, ராத்திரி வேலை முடிந்து வந்து சும்மா ஊர் சுற்றியவர்களுக்குத்தான் இந்த கேம் மனதில் நின்றது.

சர்வர் கட்டமைப்பு, உரிம ஒப்பந்தங்களின் கட்டுப்பாடு ஆகியவற்றை நிறுவனம் காரணமாகச் சொன்னது. சரி, பத்து வருஷம் ஓட்டியாச்சு, மூடுகிறார்கள் என்று விட்டுவிடலாம்தான். ஆனால், சில வாரங்களில் இன்னொன்றும் நடந்தது. கேம் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து அதன் உரிமமே எடுக்கப்பட்டுவிட்டதை பலர் கவனித்தார்கள். ரசிகர்கள் தாங்களாகவே ஏதாவது சர்வர் எழுதி ஓட்டிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

யார் இந்த ராஸ் ஸ்காட்?

இங்கேதான் ராஸ் ஸ்காட் உள்ளே வருகிறார். அமெரிக்கர், வசிப்பது போலந்தில். ‘அக்கர்ஸ்டு ஃபார்ம்ஸ்’ என்ற யூடியூப் சேனல்காரர். வக்கீல் இல்லை, அரசியல்வாதி இல்லை. ‘ஹாஃப் லைஃப்’ கேமில் ஹீரோ கார்டன் ஃப்ரீமேன் ஒரு வார்த்தைகூட பேச மாட்டார். அந்த ஊமை ஹீரோ மனசுக்குள் என்னவெல்லாம் புலம்பிக்கொண்டிருப்பார் என்று கற்பனை பண்ணி, தானே குரல் கொடுத்து 2007-லிருந்து வீடியோ போட்டவர். அப்புறம் யாரும் கண்டுகொள்ளாத பழைய, விசித்திரமான கேம்களை எடுத்து வைத்து ஒரு தொடர் செய்தார். இந்த கேமில் மழை நன்றாக இருக்கிறது, அந்த கேமில் கதவு திறக்கிற விதமே சரியில்லை என்கிற ரகத்தில் அவருடைய அபிப்பிராயங்கள் இருக்கும். ஒரு நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது மாதிரி.

பழைய கேம்களையே தோண்டிக்கொண்டிருப்பவருக்கு ஒரு விஷயம் சீக்கிரமே உறைத்திருக்கிறது. 1990-களின் கேம்களை இன்றைக்கும் எப்படியாவது ஓட்ட முடிகிறது. நேற்று வந்த கேம்கள் சிலவற்றை ஓட்ட முடியவில்லை. 2019-லேயே இதைப் பற்றி நீளமான ஒரு வீடியோ போட்டார். சேவை என்ற பெயரில் கேம்களை விற்றுவிட்டு, பிறகு அழிப்பது மோசடி என்பது அவருடைய வாதம். அப்போது அது ஒரு யூடியூபரின் புலம்பல். ‘தி க்ரூ’ மூடப்பட்ட பிறகு அதுவே ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ என்ற இயக்கமானது. இந்தக் கேமைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. யூபிசாஃப்ட் பிரெஞ்சு நிறுவனம். நுகர்வோர் சட்டம் கொஞ்சம் கறாராக இருக்கும் நாடு அது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வழி இருக்கிறது. ஒரு வருஷத்துக்குள் 10 லட்சம் குடிமக்களின் கையெழுத்தும், குறைந்தது ஏழு நாடுகளில் அந்தந்த நாட்டுக்கான குறைந்தபட்ச எண்ணிக்கையும் கிடைத்தால், அந்தக் கோரிக்கைக்கு ஐரோப்பிய ஆணையம் முறைப்படி பதில் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 31-ல் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார்கள். ஸ்காட் ஐரோப்பியக் குடிமகன் இல்லை என்பதால் அமைப்பாளராக அவர் பெயர்கூட போட முடியாது. முதல் வேகம் அடங்கியதும் எண்ணிக்கை சுமார் நாலரை லட்சத்தில் முட்டிக்கொண்டு நின்றது. 2025 ஜூன் மாதக் கடைசியில், ‘அவ்வளவுதான், முடிந்தது’ என்கிற தொனியில் ஒரு வீடியோ போட்டார். அதைப் பார்த்த மற்ற யூடியூபர்கள் ஆளாளுக்குக் கையில் எடுக்க, பத்தே நாளில் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. ஜூலை முதல் வாரத்தில் 10 லட்சம் தாண்டி, கடைசி நாளில் 14 லட்சத்துக்கும் மேல் போய் நின்றது. சரிபார்த்த பிறகும் 10 லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை. பிரிட்டனில் போட்ட தனி மனுவும் 1 லட்சம் தாண்டியதால், 2025 நவம்பரில் அங்கே நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்தது.

சர்வரை சாகும்வரை ஓட்டச் சொல்கிறார்களா?

இல்லை. இந்த இயக்கத்தைப் பற்றி அதிகம் பேர் தப்பாகப் புரிந்துகொண்டது இதைத்தான். ஆதரவை நிறுத்துங்கள், சர்வரை அணையுங்கள், ஆனால் போகும்போது கேமை ஏதோ ஒரு வகையில் ஓடுகிற நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்பதுதான் கோரிக்கை. இணையம் இல்லாமல் ஓடுகிற மாதிரி ஒரு கடைசி அப்டேட் கொடுக்கலாம். இல்லையென்றால், ரசிகர்களே சொந்தமாக சர்வர் வைத்துக்கொள்ள வழி விடலாம்.

ஐரோப்பாவின் கேம் நிறுவனங்களுக்கான சங்கமான ‘வீடியோ கேம்ஸ் யூரோப்’ இதை எதிர்த்தது. தனியார் சர்வர்களில் பயனர்களின் தகவல் பாதுகாப்புக்கும், சட்டவிரோதமான விஷயங்களை நீக்குவதற்கும் உத்தரவாதம் இல்லை. வம்பு வந்தால் பொறுப்பு எங்கள் தலையில் விழும் என்றார்கள். ஆன்லைனுக்கென்றே வடிவமைத்த கேம்களை இப்படி மாற்ற ஆகும் செலவு தாங்காது என்றும் சொன்னார்கள். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இன்றைய பெரிய ஆன்லைன் கேம் ஒரே ஒரு சர்வரில் ஓடுவதில்லை. லாகின், மேட்ச்மேக்கிங், பணம் கட்டுவது என்று பல சேவைகள் பின்னணியில் பின்னிக்கிடக்கும். அதில் சில வேறு நிறுவனங்களிடம் உரிமம் வாங்கியவை. தூக்கி ரசிகர்களிடம் கொடுக்க சட்டம் விடாது. முடிந்துபோன கேமைப் பிரித்து எடுப்பது உண்மையிலேயே தலைவலிதான்.

ஆனால், முடியவே முடியாது என்ற வாதம் மட்டும் நிற்கவில்லை. பிளேஸ்டேஷனின் ‘கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட்’ 2024 ஜனவரியில் மூடப்பட்டபோது, தனியாக விளையாடும் பகுதிகள் ஆஃப்லைனில் ஓடும்படி மாற்றிவிட்டுத்தான் மூடினார்கள். ‘நாக்அவுட் சிட்டி’யை உருவாக்கிய சின்ன ஸ்டூடியோ, 2023-ல் சர்வர்களை நிறுத்தும்போது ரசிகர்களே நடத்திக்கொள்ள தனி சர்வர் பதிப்பை வெளியிட்டது. ‘ரெட்ஃபால்’ கேமை உருவாக்கிய ஸ்டூடியோவே இழுத்து மூடப்பட்டது, அப்படியும் கடைசியாக ஒரு ஆஃப்லைன் அப்டேட் வந்தது. இன்னும் வேடிக்கை, சண்டைக்குப் பிறகு யூபிசாஃப்டே ‘தி க்ரூ 2’-க்கு ஆஃப்லைன் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்து, பின்னர் கொடுக்கவும் செய்தது. முதல் கேமுக்கு வரவில்லை. அதற்கு 2025-ல் ரசிகர்களே சொந்தமாக சர்வர் மென்பொருள் எழுதி ஓட்டிக்காட்டினார்கள்.

‘வாங்கு’ என்றால் வாங்குவது இல்லையா?

‘தி க்ரூ’ வாங்கிய இருவர் 2024 நவம்பரில் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். பதிலுக்கு யூபிசாஃப்ட் தரப்பு வைத்த வாதத்தின் சாரம் இது: அவர்கள் வாங்கியது கேமை இல்லை, அதைப் பயன்படுத்த வரம்புக்கு உட்பட்ட ஓர் அனுமதியை மட்டும்தான். கேமோடு வந்த ஒரு ஆக்டிவேஷன் கோடில் காலாவதி ஆண்டு 2099 என்று போட்டிருந்ததை வழக்குப் போட்டவர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

சட்டப்படி நிறுவனத்தின் வாதம் புதுசு ஒன்றும் இல்லை. ஸ்டீமோ பிளேஸ்டேஷன் ஸ்டோரோ, எந்த டிஜிட்டல் கடையிலும் நாம் படிக்காமல் ‘சம்மதம்’ அழுத்தும் அந்த நீண்ட ஒப்பந்தத்தில் இதுதான் எழுதியிருக்கும். கடுப்பு எங்கே என்றால், ஒப்பந்தத்தில் வாடகை, பட்டனில் விற்பனை. வாடகை வீட்டுக்காவது எத்தனை மாதம் என்று பத்திரத்தில் எழுதுவார்கள். இதற்கு அதுவும் கிடையாது. இந்த ஓட்டையைத்தான் கலிபோர்னியா ஒரு சட்டத்தால் அடைக்கப் பார்த்தது. 2025 ஜனவரி 1 முதல், நிரந்தரமாகத் தராத டிஜிட்டல் பொருளை ‘வாங்கு’ என்று விற்பதாக இருந்தால், இது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அது அமலுக்கு வரும் முன்பே, 2024 அக்டோபரில் ஸ்டீம் தன் பணம் கட்டும் பக்கத்தில் அப்படி ஒரு வரியைச் சேர்த்துவிட்டது. உங்கள் போனில் உள்ள படம், பாட்டு, மின்புத்தகம் பலவற்றுக்கும் இதே கதைதான்.

உயிரோடு இருக்கும் கேம்கூட அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. ‘ஜிடிஏ 4’ விளையாடியவர்களுக்கு விளாடிவோஸ்டாக் எஃப்எம் ஞாபகம் இருக்கும். பாட்டுகளுக்கான உரிமம் பத்து வருஷத்தில் முடிந்ததால், 2018-ல் அந்த ரேடியோவின் பெரும்பாலான பாடல்களை அப்டேட் வழியாகத் தூக்கிவிட்டு வேறு பாட்டுகளைப் போட்டார்கள். 2008-ல் காசு கொடுத்தவர் வாங்கிய கேமும், இன்று கிடைக்கும் கேமும் ஒன்று இல்லை. ‘பி.டி.’ என்ற குட்டி ஹாரர் கேம் அதைவிட மோசம். 2014-ல் இலவசமாக வந்தது, 2015-ல் கடையிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த கேம் உள்ளே இருக்கும் பிஎஸ்4-களை ஆயிரம் டாலருக்கு மேல் விலை சொல்லி இபேயில் போட்டவர்கள் உண்டு.

இதையெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகளின் பிரச்சினை என்று ஒதுக்கினால், தமிழ் சினிமாவை நினைத்துக்கொள்ளலாம். முதல் தமிழ் பேசும் படமான ‘காளிதாஸ்’ வந்தது 1931-ல். இன்று அதன் பிரதி இல்லை. அன்றைக்குப் படத்தைப் பாதுகாக்கணும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தேதி, விளம்பரம், சில படங்கள் மட்டும் மிச்சம். கேம்களுக்கு அந்தக் கட்டம் இப்போதே வந்துவிட்டது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காது என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் நடத்திய ஆய்வு சொன்னது. ஆராய்ச்சியாளர்களாவது நூலகங்கள் வழியாக வீட்டிலிருந்தே பழைய கேம்களைப் பார்க்க அனுமதி கேட்டார்கள். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் அதை மறுத்துவிட்டது.

நம்ம ஊர் கேமர்களுக்கு?

2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலை மத்திய அரசு தடை செய்தது. அக்டோபர் 30-ல் இந்தியாவுக்கான சேவை நின்றது. அது அரசின் உத்தரவு, நிறுவனத்தின் வரவு செலவுக் கணக்கு இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. ஆனால், பாக்கெட் மணியில் யூசி வாங்கி ஸ்கின் சேர்த்தவனுக்குத் திரையில் தெரிந்தது ஒன்றுதான். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தபோது, பழைய கணக்கை மாற்றிக்கொள்ள குறிப்பிட்ட காலம் வழி கொடுத்தார்கள். அந்த பிஜிஎம்ஐயும் 2022 ஜூலையில் ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போய், 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது.

மொபைல் கேம்களில் வேறு விதமாக முடிந்ததும் உண்டு. நிண்டெண்டோ தன் ‘அனிமல் கிராசிங்: பாக்கெட் கேம்ப்’பின் ஆன்லைன் சேவையை 2024 நவம்பரில் நிறுத்தியது. அடுத்த சில நாட்களில், ஒருமுறை காசு கட்டினால் போதும் என்ற ஆஃப்லைன் பதிப்பை வெளியிட்டது. பழைய கணக்கில் இருந்ததையும் அதற்கு மாற்றிக்கொள்ளலாம். மறுபடி காசா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தாலும், கேம் கையில் இருக்கிறது.

ஐரோப்பாவில் முடிவு என்னவாகும்? ஆணையம் பதில் சொல்லியே ஆக வேண்டும், ஆனால் சட்டம் கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரிட்டன் அரசு, நுகர்வோர் சட்டத்தை இதற்காக மாற்றும் எண்ணம் இல்லை என்று மனுவுக்கான பதிலிலேயே சொல்லிவிட்டது.

அதுவரை பர்ஸைத் திறக்கும் முன் ஒரு நிமிஷம் செலவழிக்கலாம். ஸ்டோர் பக்கத்தில் ஒருவர் மட்டும் விளையாடும் கேம் என்று போட்டிருந்தும், எப்போதும் இணைய இணைப்பு வேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் முழு விலை கொடுப்பதற்குப் பதில், ஆஃபர் வரும்வரை காத்திருக்கலாம். ஜிஓஜி மாதிரி கடைகளில் வாங்கும் கேமின் இன்ஸ்டாலரையே தரவிறக்கி ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம். கடை நாளைக்கு இல்லாமல் போனாலும் அது ஓடும். டிஸ்க் வாங்கினால் கவலை இல்லை என்று நினைத்திருந்தால், கேம் முழுவதும் அந்த டிஸ்க்கிலேயே இருக்கிறதா, அல்லது மிச்சத்தை டவுன்லோடு செய்யச் சொல்கிறதா என்பதை அட்டையின் பின்பக்கம் சொல்லும்.