தாளிக்கிற எண்ணெயைத் தீர்மானிப்பது யார்?

"எந்த எண்ணெய் நல்லதுங்க?" கலசப்பாக்கத்தில் தாய்மார்கள் என்னைக் கேட்காத நாளில்லை. நம்ம கொல்லையில் விளையும் கடலை எண்ணெய்தான் என்பேன். "விலை கட்டுப்படியாகலையே!" என்பார்கள்.

நியாயம்தான். 1994-ல் மத்திய அரசு பாமாயில் இறக்குமதிக்குக் கதவைத் திறந்தது. 2007 முதல் நம் ரேஷன் கடையிலும் அது வந்தது. சுத்திகரிப்பு ஆலைக்காரர்கள் கேட்டார்கள். 2025 மே மாதம் கச்சா பாமாயிலின் அடிப்படை வரி 20 சதவீதத்திலிருந்து 10 ஆனது. ரேஷனில் கடலை எண்ணெய் கொடுங்கள் என்று விவசாயிகளும்தான் கேட்கிறார்கள்...

பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அதற்காகப் பயப்படாதீர்கள். வடை, அப்பளத்தைக் குறையுங்கள். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய் போதும். மிச்சப்படும் காசில் செக்கு எண்ணெய் வாங்கலாம்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், "ரேஷனில் கடலை எண்ணெய் எப்போ?" என்று நீங்களும் கேளுங்கள்!